நூற்று எண்பத்து மூன்று திருடிகள்

போன வாரம் மெக்கானிக் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றதோடு விட்டோம். ஒரு மனிதரை ஏழு நாள் வாசலில் நிறுத்துவது பாவம். உள்ளே விட்டுவிடுவோம்.

உள்ளே வந்தவர் சாப்பிட்டார், படுத்தார், தூங்கவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து டூல் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சட்டை ஃபாக்டரியின் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தவர். அவர் ஸ்க்ரூடிரைவரைக் காட்டினாலே கெட்டுப்போன மெஷின் ஓடத் தொடங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். இரண்டு முறை காட்ட வேண்டும்.

அடுப்படியில் நின்றபடி அவர் மனைவி காலர்க்காரி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அதே ஃபாக்டரியில் பத்தொன்பது வருடம் காலர் மட்டுமே தைத்தவள். ஆகவே யாரைப் பார்த்தாலும் முதலில் கழுத்துதான் அவள் கண்ணில் படும். கணவரின் கழுத்து தொங்கிப் போயிருந்தது.

"போறதா முடிவு பண்ணிட்டீங்களா?"

"முடிவுன்னு இல்லை. ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கான்."

"எதுக்கு?"

"மெஷினையெல்லாம் மேஜையிலேர்ந்து கழட்டணுமாம். மூணு மணிக்கு லாரி வருது. கழட்டிக் குடுத்தா முதலாளியோட புது ஃபாக்டரியில வேலை போட்டுத் தரேங்கறான்."

கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த கொழுந்தியா திரும்பினாள். பட்டன் தைப்பவள், வீட்டிலும் அவள் பெயர் பட்டன்தான்.

"அத்தான், கழட்டுறதுன்னு ஆயிட்டா முதல்ல அக்கா மெஷினைக் கழட்டுங்க. சொந்தக்காரங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்தார்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவர்களைக் கேட்டில் ஒரு பெரிய பூட்டும் ஒரு சின்னக் காகிதமும் வரவேற்றன. ஃபாக்டரி மூடப்பட்டது என்றது காகிதம். பூட்டும் அதையே சொன்னது. மூடினால், வேலை பார்த்த வருடத்துக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் நஷ்டஈடு தரவேண்டும் என்பது சட்டம். மேனேஜர் அதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். "இவங்க யாருமே எங்க ஆளுங்க இல்லை, காண்ட்ராக்டர் கூட்டிட்டு வந்தவங்க" என்று சொல்லிவிட்டார். காண்ட்ராக்டர் எங்கே என்றால், அவர் ஒரு லெட்டர்பேடில் குடியிருந்தவர், இப்போது காலி செய்துவிட்டார். வருகைப் பதிவேடு எங்கே என்றால், கரையான் தின்றுவிட்டது. படித்த கரையான். பக்கத்திலிருந்த மர நாற்காலியைத் தொடவில்லை, மர பீரோவைத் தொடவில்லை. பெயர் எழுதிய பக்கங்களை மட்டும் வரிசையாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

இன்று லேபர் ஆபீசர் ஆய்வுக்கு வருகிறார். மாலை ஐந்து மணிக்குள் அவருடைய அறிக்கையில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அவர்தான் தொழிலாளி. ஒரு பெயரும் ஏறாவிட்டால் மெஷின்கள் லாரியில் போய்விடும். அப்புறம் நஷ்டஈட்டை அந்த நான்கு சுவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

காலர்க்காரி தன் வேலைப் பையை எடுத்துத் தரையில் கொட்டினாள். நூல் வெட்டும் கத்தரி, இஞ்ச் டேப், பாதிச் சீப்பு. கடைசியாக 'டங்' என்று ஒரு பாபின் கேஸ் விழுந்தது.

பாபின் கேஸ் என்பது கட்டைவிரல் அளவு இரும்பு டப்பி. மெஷினின் அடிவயிற்றில் உட்கார்ந்து கீழ்நூலை விடுவது அதுதான். அதன் பக்கவாட்டில் எள்ளளவு ஒரு திருகு. அதைக் கால் சுற்று கூட்டி, அரைச் சுற்று குறைத்து, தன் கைக்குச் சரியாக வந்துவிட்டால் அப்புறம் எந்தத் தையல்காரியும் அதை இன்னொருத்தி தொடச் சம்மதிக்க மாட்டாள். அதனால் அந்த ஃபாக்டரியில் ஒரு பழக்கம். சாயங்காலம் மணி அடித்ததும் அவரவர் பாபின் கேஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். காலையில் கொண்டுவந்து மாட்டுவார்கள். மாறிப்போகாமல் இருக்க மெஷின் நம்பரை ஊசி முனையால் அதன் முதுகில் கீறி வைத்திருப்பார்கள். ஒருத்தி மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்டு, நான்கு மைல் திரும்பி நடந்து போய் எடுத்து வந்தாள். அவள் வருவதற்குள் அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் ஃபாஷன் மாறிவிட்டது.

மூடப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாததால் கடைசி நாளும் அப்படியே நடந்தது. நூற்று எண்பத்து மூன்று மெஷின்களின் பாபின் கேஸ்கள் நூற்று எண்பத்து மூன்று பைகளில் அவரவர் வீட்டில் இருந்தன.

"நேத்து மெஷின் வாங்கற ஆள் வந்து ஓட்டிப் பார்த்தான்" என்றார் மெக்கானிக். "ஒண்ணுலகூட தையல் விழலை. 'காத்துலயா தைக்கறீங்க'ன்னு கேட்டான். மேனேஜருக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

காலர்க்காரி டப்பியை வெளிச்சத்தில் திருப்பினாள். முதுகில் 47.

"இதுல இருக்கற நம்பரும் மெஷின் நம்பரும் ஒண்ணு. போட்டா தையல் விழும். நாங்க அங்க வேலை பார்த்தோம்னு சொல்ல இதைவிட என்ன வேணும்?"

மெக்கானிக் துணியைக் கீழே போட்டார். "அதை வெளியில எடுக்காதே. கம்பெனி சொத்து அது. திருட்டுன்னு எழுதிக் குடுத்தான்னா போலீஸ் வாசல்ல வந்து நிக்கும்."

"யாராவது ஒருத்தி காட்டித்தானே ஆகணும்?"

"அது நீயாத்தான் இருக்கணுமா?"

"பின்னே? நீங்க கழட்டப் போறீங்க. இந்த வீட்டுல ஒருத்தராவது மாட்டப் போக வேணாமா?"

எட்டரை மணிக்கு மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். "வரேன்" என்றார். வீட்டில் யாரும் "சரி" சொல்லவில்லை.

பட்டன் தெருத் தெருவாகப் போய்ச் சொன்னாள். மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி வளர்ந்த குரல். காதோடு ரகசியம் சொன்னாலே பஸ் நிற்கும். பத்து மணிக்குக் கேட்டில் நூற்று எண்பத்து மூன்று பேரும் வந்து நின்றார்கள், பின்னால் இஸ்திரி, கட்டிங், செக்கிங் ஆட்களும். ஆனால் பையைத் திறக்கக் கை வரவில்லை.

"போலீஸ்னா எனக்கு ஆகாதுக்கா" என்றாள் பாக்கெட் தைப்பவள். "எங்க வீட்டுக்காரர் லைசென்ஸ் இல்லாம சைக்கிள் ஓட்டறாரு."

"சைக்கிளுக்கு லைசென்ஸே கிடையாதுடி."

"அதான் அவர்கிட்ட இல்லை."

காலர்க்காரி சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. முதல்ல நான் காட்டறேன். என் கையில விலங்கு விழுந்தா நீங்க எல்லாரும் பையை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். விழலைன்னா வரிசையா உள்ளே வாங்க. தள்ளிக்கிட்டு வராதீங்க."

லேபர் ஆபீசர் ஒல்லியான அம்மாள். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் குடை. சிரிப்பதற்கு அவருக்கு மேலிடத்து உத்தரவு வரவில்லை போலும். மேனேஜரோடு நேராகத் தையல் ஹாலுக்குள் போனார். காலர்க்காரியும் பின்னாலேயே போனாள். மூன்று வாரத் தூசு மெஷின்கள் மேல் துணிப் பஞ்சோடு சேர்ந்து போர்வையாகப் படிந்திருந்தது. மூலையில் மெக்கானிக். ஒன்பது மணிக்கு வேலையில் இறங்கியவர் இதுவரை ஒரே ஒரு திருகைத்தான் கழற்றியிருந்தார். அதையும் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இவங்களை யாருன்னு தெரியுதா?" காலர்க்காரியையும் கேட்டில் நின்றவர்களையும் காட்டி ஆபீசர் கேட்டார்.

"பார்த்ததே இல்லை மேடம்" என்றார் மேனேஜர்.

பத்தொன்பது வருடமாகத் தினமும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று தன் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தியவரைத் தாண்டிக்கொண்டு காலர்க்காரி போனாள். ஐந்தாவது வரிசை, இரண்டாவது மெஷின். புடவைத் தலைப்பால் தூசைத் தட்டினாள். பையிலிருந்து டப்பியை எடுத்து, குனிந்து பார்க்காமலே அடியில் மாட்டினாள். 'டிக்' என்றது. ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தாள்.

தையல் விழுந்தது. எறும்பு வரிசை மாதிரி, ஒன்று கூட விலகாமல்.

ஆபீசர் துணியைத் திருப்பிப் பார்த்தார், மெஷின் நம்பரைப் பார்த்தார், டப்பியை வாங்கி அதன் முதுகைப் பார்த்தார். "நாற்பத்தேழு" என்று எழுதிக்கொண்டார். எழுதிய அந்தச் சத்தம் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"திருட்டு!" என்று கத்தினார். "மேடம், இது திருட்டு! நேத்து முழுக்க இதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நூத்தி எண்பத்து மூணு பாபின் கேஸையும் இவங்கதான் தூக்கிட்டுப் போயிருக்காங்க! இப்பவே போலீசுக்கு எழுதறேன்!"

"எழுத்துல குடுங்க" என்றார் ஆபீசர். "எனக்கும் ஒரு காப்பி வேணும்."

மேனேஜரின் கையெழுத்தை அவரே படிப்பதற்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, "யோவ் மெக்கானிக், இங்க வா. நீ எழுது" என்றார்.

மெக்கானிக் வந்தார். கை துடைத்தார். பேனாவைத் திறந்தார். கேட்டில் நின்ற பெண்கள் ஹால் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். காலர்க்காரி மெஷினிலிருந்து எழுந்து நின்றாள்.

"நீங்களா எழுதப் போறீங்க?"

அவர் நிமிரவில்லை. மேனேஜரிடம் கேட்டார்: "யார் மேல சார் புகார்? வெளியாளுங்கன்னா பூட்டை உடைச்சு வந்தாங்கன்னு காட்டணும். போலீஸ் முதல்ல பூட்டைத்தான் கேப்பான்."

மேனேஜர் பூட்டை நினைத்துப் பார்த்தார். புத்தம் புதுப் பூட்டு. "பூட்டெல்லாம் உடையலை. உள்ளே வேலை பார்த்தவங்கதான் எடுத்தாங்கன்னு எழுது."

"அப்ப 'எங்கள் தொழிலாளர்கள்'னு போட்டுடவா?"

"போடுய்யா. சும்மா கேள்வி கேட்டுக்கிட்டு!"

மெக்கானிக் போட்டார். அழுத்தமாகவே போட்டார். பிறகு, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

முதலில் வந்தது பட்டன். அவள் வருவதைப் பார்த்து மேஜை ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்ததாகச் சொல்வார்கள்.

"அத்தான், வீட்டுக்கு வாங்க. உங்களுக்கு இருக்கு."

"மெஷின் நம்பர் என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"புகாருக்குத் தெரியணும்."

"நூத்திப் பன்னிரண்டு! நல்லா எழுதிக்குங்க!"

"எத்தனை வருஷமா?"

"எட்டு!"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "வருஷம் எதுக்கு?"

"எத்தனை வருஷமா திருடறாங்கன்னு வேணாமா சார்? ஒரு நாள் திருட்டுன்னா சின்ன கேஸ். எட்டு வருஷம்னா கனமா நிக்கும்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "ஆமா, ஆமா. மாசம், தேதியோட எழுது. ஒருத்தியையும் விடாதே!"

அடுத்து காலர்க்காரி. மேஜைக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கணவன்.

"நம்பர்?"

"நாப்பத்தேழு."

"எந்தத் தேதியிலேர்ந்து?"

"வேலைக்குச் சேர்ந்த தேதியா, திருட ஆரம்பிச்ச தேதியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் மெக்கானிக்.

காலர்க்காரி அவரைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். மேலே 'எங்கள் தொழிலாளர்கள்.' கீழே பெயர், மெஷின் நம்பர், சேர்ந்த நாள். கரையான் தின்ற அத்தனை பக்கமும் அவர் பேனாவிலிருந்து வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. தேதியைச் சொன்னாள். சொல்லிவிட்டு ஹாலைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் தேதியைச் சரியாச் சொல்லுங்கடி! ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. திருட்டு விஷயத்துல பொய் சொல்லக் கூடாது!"

புரிந்தவள் புரியாதவளுக்குக் கிள்ளிச் சொன்னாள். வரிசை நீண்டது. பெயர் கொடுத்து முடித்தவள் நேராகப் போய்த் தன் டப்பியைத் தன் மெஷினில் மாட்டினாள். சைக்கிள்காரர் மனைவி வந்து நிமிர்ந்து நின்றாள்.

"பன்னிரண்டு வருஷம் நாலு மாசம். நடுவுல பிரசவத்துக்கு மூணு மாசம் லீவு. அப்பத் திருடலை."

"லீவு கம்பெனி குடுத்ததா?"

"கம்பெனிதான் குடுத்துது. சார்தான் கையெழுத்துப் போட்டாரு."

"எழுதிக்கோ, எழுதிக்கோ" என்றார் மேனேஜர், பிஸ்கட் சாப்பிட்டபடி.

மூன்று மணிக்கு எழுதி முடிந்தது. பதினோரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மேனேஜர் கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரை குத்தினார். அவ்வளவு உற்சாகமாக அவர் முத்திரை குத்தி யாரும் பார்த்ததில்லை. இரண்டு முத்திரை மேஜையிலும் விழுந்தது. வெளியே லாரி ஹார்ன் அடித்தது.

ஆபீசர் பதினோரு பக்கத்தையும் படித்தார். நிதானமாக மடித்து ஃபைலில் வைத்தார். நாடாவைக் கட்டினார்.

"நல்ல ஆவணம்" என்றார். "நூத்தி எண்பத்து மூணு தொழிலாளர்கள். பேர், நம்பர், சேர்ந்த தேதியோட நிர்வாகமே ஒத்துக்கிட்டிருக்கு. விசாரணை முடியறவரைக்கும் ஒரு மெஷின் வெளியே போகக் கூடாது. லாரியைத் திருப்பி அனுப்புங்க."

மேனேஜர் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. அது அன்று முழுக்க அங்கேயே இருந்தது. "மேடம், அது... அதைக் குடுங்க, ஒரு சின்ன திருத்தம்..."

"திருத்தத்தைத் தனியா எழுத்துல குடுங்க."

பிறகு அவர் காலர்க்காரியிடம் திரும்பினார். "சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். திருட்டுப் புகார் திருட்டுப் புகாராவும் நிக்கும். ஒரு காப்பி போலீசுக்குப் போகுது. பதில் சொல்லணும்."

"சொல்றோம் மேடம்" என்றாள் காலர்க்காரி. "காலையில கொண்டு வந்தோம், சாயங்காலம் எடுத்துட்டுப் போனோம். பத்தொன்பது வருஷமா எதிரிலேயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தது அவருதான். இப்பவும் எல்லாம் அதது மெஷின்லயே இருக்கு. எண்ணிப் பார்த்துக்கட்டும்."

ஹாலில் யாரோ கைதட்டினார்கள். பாதியில் நின்றுவிட்டது. சுவர் ஓரமாக இருபத்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இஸ்திரி போடுபவர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் பெண்கள். பாபின் கேஸே இல்லாதவர்கள். எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதவர்கள். இருபத்தாறாவது ஆள் மெக்கானிக்.

"இவங்க?" என்று கேட்டார் ஆபீசர்.

மேனேஜர் ஒரு நாளில் நிறையக் கற்றுக்கொண்டிருந்தார். "இவங்க மேல எனக்கு எந்தப் புகாரும் இல்லை மேடம். தங்கமான ஆளுங்க. யாருன்னே தெரியாது."

"மெக்கானிக்?"

"வெளியாள். இன்னைக்கு ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டது." மெக்கானிக்கைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "நாளையிலேர்ந்து அதுவும் இல்லை."

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி ஆகுது. அஞ்சு மணிக்கு அறிக்கையை முடிக்கணும். அதுக்குள்ள காட்ட ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

காலர்க்காரி கணவரை ஜன்னல் பக்கம் இழுத்துப் போனாள். பட்டனும் பின்னாலேயே போனாள்.

"பதினோரு பக்கம் எழுதினீங்களே, உங்க பேரையும் ஒரு ஓரத்துல சேர்த்திருக்கலாம்ல?"

"நான் எதை எடுத்தேன்னு எழுத?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு திருகுகூடவா வீட்டுக்கு வரலை?"

மெக்கானிக் நேர்மையாக யோசித்தார். "ஒரு தடவை சட்டைப் பையில ஒண்ணு வந்துடுச்சு. மறுநாள் திருப்பிக் குடுத்துட்டேன்."

பட்டன் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இப்படி ஒரு யோக்கியனைப் போய்க் கட்டிக்கிட்டியே!"

காலர்க்காரி சட்டென்று நின்றாள். "ஒண்ணு எடுத்தீங்க" என்றாள்.

"என்ன?"

"என்னை. இதே ஹால்லேர்ந்து. பதினாறு வருஷம் ஆச்சு, திருப்பிக் குடுக்கலை. கல்யாணத்தைப் பதிவு பண்ணினோமே, அந்தப் பேப்பர்ல மாப்பிள்ளை வேலை பார்க்கற இடம்னு என்ன எழுதினீங்க?"

"இந்த ஃபாக்டரிதான்."

"சாட்சிக் கையெழுத்து யார் போட்டாங்க?"

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

காலர்க்காரி சுவர் ஓரம் நின்றவர்களிடம் போனாள். குரலைத் தாழ்த்தத் தோன்றவில்லை அவளுக்கு.

"உங்க எல்லாருக்கும்தான். வீடு வாடகைக்குக் கேட்டப்ப, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்ப, கடன் வாங்கினப்ப, இந்த சார் யாருக்கெல்லாம் 'எங்க ஆளு'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு?"

இஸ்திரிக்காரர் கை தூக்கினார். பக்கத்திலிருந்தவர் தூக்கினார். அப்புறம் எண்ண முடியவில்லை.

"அந்தப் பேப்பர் இன்னும் வீட்டுல இருக்கா?"

"தேடணும்."

"தேடுங்க. முக்கால் மணி நேரம் இருக்கு." ஆபீசரிடம் திரும்பினாள். "அஞ்சு மணின்னா கரெக்டா அஞ்சு மணிதானா மேடம்?"

ஆபீசர் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "கரெக்டா அஞ்சுதான்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். "ஆனா என் வாட்ச் கொஞ்சம் மெதுவா ஓடும்."

அடுத்த நிமிடம் கேட்டுக்கு வெளியே இருபத்தாறு பேர் இருபத்தாறு திசையில் ஓடினார்கள். திசை மொத்தம் எட்டுதான் என்று சொல்பவர்கள், அன்றைக்கு அந்தக் கேட்டில் நின்று பார்க்காதவர்கள்.